தாலி கட்டும்போது போனை இறக்கச் சொல்வது எப்படி?

கேள்வி: அடுத்த மாதம் பம்பலப்பிட்டியில் மகளின் கலியாணம். விருந்தினர் போனில் படம் எடுக்கக் கூடாது என்கிறார் கமராக்காரர். சொந்தக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, நானும் 20 வருடமாகக் கலியாண வீடுகளில் கமராவோடு நிற்பவன்தான். முழுத்தடை வேண்டாம். தாலி கட்டும் நேரம் மட்டும் மணவறைக்கு முன்னால் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சில விநாடிதான். கெட்டிமேளம் முழங்கியதும் எல்லோரும் எழுந்து போனைத் தூக்குவார்கள். ஒருமுறை மாப்பிள்ளையின் சித்தப்பா என் கமராவுக்கு முன்னால் டேப்லெட்டை உயர்த்திவிட்டார். தாலி அதன் பின்னால் மறைந்துபோனது. ஆல்பத்தைப் பார்த்து அந்த மணப்பெண் அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்புறம், இன்னொருவரின் பிளாஷும் என் பிளாஷும் ஒன்றாக அடித்தால் முகமும் கூறைச் சரிகையும் வெளுத்துவிடும்.

தாலிக்கு முன் ஐயரையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். அறுகரிசி போடும்போதும் பந்தியிலும் தாராளமாக எடுக்கட்டும். அம்மம்மா பாயாசம் குடித்துச் சிரிப்பது என் கண்ணில் படாது, பேரன் எடுத்திருப்பான். அந்தப் படங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள்.