திருநர் ஆவணங்கள்: கேளுங்கள், சொல்கிறேன் (2024 ஜூலை)

வக்கீல் இல்லை. கலெக்டர் ஆபீஸுக்கும் ஆதார் மையத்துக்கும் திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்த பழக்கத்தில் சொல்கிறேன். எல்லாம் 2024 ஜூலையில் இருந்த விதிகள்.

கேள்வி: அக்கா, திருநர் அட்டைக்கு ஆபரேஷன் செய்திருக்க வேண்டுமா?

2024 நிலவரப்படி வேண்டாம். 2019 திருநர் சட்டத்துக்காக வந்த 2020 விதிகளில் மருத்துவப் பரிசோதனையே கிடையாது. தேசிய இணையதளத்தில் விண்ணப்பத்தோடு உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்றினால் 30 நாளில் சான்றிதழும் அட்டையும் தர வேண்டும். ஓர் அலுவலகத்தில் ‘டாக்டர் பேப்பர் எங்கம்மா?’ என்றார் கிளார்க். விதியை அச்செடுத்து, அந்த வரியில் மஞ்சள் கோடு போட்டு நீட்டினேன். இரண்டு தடவை படித்தார், பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

கேள்வி: சான்றிதழ் வந்துவிட்டது, அடுத்து?

ஆதார். அதற்கு இந்தச் சான்றிதழே ஆவணம். ஆனால் ஆதாரில் பாலினத்தை ஒரே முறைதான் மாற்றலாம், பெயரை இரண்டு முறை, அதனால் மையத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். நம் ஊர் இனிஷியல்தான் பெரிய வம்பு. ஆதாரில் ‘கவிதா எஸ்’, பான் கார்டில் ‘கவிதா செல்வம்’ என்றிருந்தால் பாஸ்போர்ட் வரை இடித்துக்கொண்டே வரும்.

கேள்வி: திருநர் நலவாரிய அட்டை போதாதா?

அது 2008-இல் தொடங்கிய தமிழ்நாட்டு வாரியத்துடையது. நான் சொல்லும் சான்றிதழும் அட்டையும் மத்திய அரசின் சட்டப்படி தருபவை, வேறு.

கேள்வி: மார்க் ஷீட்டில் பெயர்?

வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: ஆபரேஷன் ஆகவில்லை, அட்டை கிடைக்குமா?

முதல் பதில்.

கேள்வி: நான் பெண். எதற்கு ‘திருநர்’ என்று போட்டுக்கொள்ள வேண்டும்? 2014 தீர்ப்பு என்ன ஆச்சு?

நியாயமான கோபம். ஆண், பெண், மூன்றாம் பாலினம் எதுவென்று நாமே சொல்லலாம், அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2019 சட்டமோ, 2024 நிலவரப்படி, 6-ஆம் பிரிவில் ‘திருநர்’ என்று மட்டும் சான்றிதழ் தந்தது. ‘பெண்’ வேண்டுமென்றால் 7-ஆம் பிரிவு, அதற்குச் சிகிச்சை முடிந்ததாக மருத்துவமனைச் சான்று. கொடுத்த உரிமையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: திருநர் என்று சொல்ல என்ன வெட்கம்?

வெட்கமென்று அவர் சொல்லவேயில்லையே! எனக்குத் திருநங்கை என்பது பெருமை, என் அட்டையிலும் அதுவே போதும். அவருக்கு அவர் பெண், அவ்வளவுதான். ஒருவர் கார்டை இன்னொருவர் நிரப்ப வேண்டாம்.

கேள்வி: அப்போ ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா?

ஐயோ. 2024 விதிப்படி அட்டைக்கு வேண்டாம், ‘பெண்’ என்று மாற்றுவதற்குத்தான் சிகிச்சை முடிந்த சான்று தேவை.

கேள்வி: திருநம்பிகளுக்கும் இதேதானா அக்கா?

இதேதான் தம்பி. ஆதாரில் ஒரே முறை, ஞாபகம் வை.