பழமை என்றால் உங்கள் ஊரில் பேச்சு

கேள்வி: அமெரிக்காவில் டிரம்ப்பின் குடியரசுக் கட்சிப் பழமைவாதிகள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிறார்களே, அந்தக் கட்சி உடையுமா? உடைந்தால், 2025-ல் எங்கள் பனியன் மீது 50 சதவீதம் என்று போட்டது போன்ற வரிகள் இறங்குமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கட்சியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் ‘பழமைவாதி’யை எடுத்துக்கொள்கிறேன்.

கன்சர்வேட்டிவ் என்பதைப் பழமைவாதி என்று எழுதும் வழக்கத்தை எதிர்த்து இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இதற்காகவே என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. படிக்கிறவருக்குப் புரிகிறதே, அது போதாதா என்பது அவர் வாதம். புரியவில்லை என்பது என் வாதம். பழமைவாதி என்று படித்ததும் நம் மனதில் வருகிறவர், புதிதாக எது வந்தாலும் ஆகாது என்கிற ஒரு பெரியவர். அவரை மனதில் வைத்துக்கொண்டு வாஷிங்டனைப் பார்த்தால் அங்கே நடக்கிற சண்டை பிடிபடாது. கன்சர்வேட்டிவ் என்பவர் காப்பவர். காய்க்கிற மரத்தை வெட்ட விடாதவர். இப்படிச் சொன்னதும் அடுத்த கேள்வி தானாக எழும்: எந்த மரத்தை? அங்கே அடிதடி இந்தக் கேள்வியின் மேல்தான்.

இந்தச் சொல்லை விட எனக்கு இன்னும் மனமில்லை. உங்கள் கொங்குப் பக்கத்தில் பழமை என்றால் பேச்சு. வீட்டுக்கு வந்தவரை உட்கார வைத்துப் பழமை பேசி அனுப்புகிறவர்கள் நீங்கள். குறளிலோ பழமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 81-வது. அங்கே அது நெடுநாள் நட்புக்குப் பெயர். பழகிய நண்பர் நம்மைக் கேட்காமலே உரிமை எடுத்துக்கொண்டு ஒன்றைச் செய்தால், அது மனம் நோகிற காரியமாகவே இருந்தாலும், தாங்கிக்கொள்வது. அந்த உரிமைக்கு வள்ளுவர் ‘கிழமை’ என்கிறார். பழமைவாதி என்ற பெயரை ஒழிக்க முடியாதென்றால் இந்தப் பொருளிலாவது படியுங்கள். அமெரிக்க வலதுசாரிகளிடம் ஒரு காலத்தில் அந்தக் கிழமை இருந்தது. இன்று இல்லை.

1955 நவம்பரில், முப்பது வயது நிறையாத வில்லியம் பக்லி ‘நேஷனல் ரிவ்யூ’ பத்திரிகையைத் தொடங்கினார். வரலாற்றின் குறுக்கே நின்று ‘நில்’ என்று கத்துவதே தங்கள் வேலை என்று முதல் இதழில் எழுதினார். பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் அந்தக் கதையில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. அவர் ஒரே மேசைக்குக் கூட்டி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் சகிக்காதவர்கள். சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்பவர்கள், குடும்பமும் தேவாலயமும் குலையக் கூடாது என்பவர்கள், சோவியத்தை வீழ்த்தும்வரை ஓயக் கூடாது என்பவர்கள். தனிமனிதச் சுதந்திரத்தை முன்வைத்த ஃபிராங்க் மேயருக்கும் மரபை முன்வைத்த ரஸ்ஸல் கிர்க்குக்கும் கொள்கையில் ஒத்துப்போனதே இல்லை. இருவரும் அதே பத்திரிகையில்தான் எழுதினார்கள். முன்னாள் அதிபர் ஐசனோவரையே கம்யூனிஸ்ட் கையாள் என்று சொன்ன தீவிர வலதுசாரி ராபர்ட் வெல்ச்சை மட்டும் 1962-ல் பக்லி தன் பக்கங்களிலேயே கண்டித்து ஒதுக்கினார். வெல்ச்சின் ஆட்கள் பலர் தன் சந்தாதாரர்கள் என்று தெரிந்தே செய்தார். இந்தக் கூட்டுதான் 1980-ல் ரேகனை வெள்ளை மாளிகைக்கு அனுப்பியது.

மூன்று கூட்டத்தையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு சோவியத் பயம். 1991 டிசம்பர் கடைசி வாரத்தில் சோவியத் ஒன்றியம் மறைந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், டிசம்பர் 10 அன்று, வலதுசாரிப் பத்தி எழுத்தாளர் பேட்ரிக் புக்கானன் தன் கட்சியின் அதிபரான மூத்த புஷ்ஷையே எதிர்த்துப் போட்டியில் இறங்கினார். தடையற்ற வர்த்தகம் வேண்டாம், வெளிநாட்டுப் போர் வேண்டாம், எல்லையை மூடு என்றார். நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் 37 சதவீத ஓட்டு வாங்கினார். டிரம்ப் இன்று பேசுவதை அப்படியே முப்பது ஆண்டுக்கும் முன்பே பேசிய மனிதர். டிரம்ப்தான் கட்சியை உடைத்தார் என்று எழுதுகிறவர்கள் 1992-ஐ மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஆண்டு ஹூஸ்டன் மாநாட்டில் புக்கானன் பேசியதில், கலாசாரப் போர் என்ற பகுதியைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு இடம். நியூ ஹாம்ப்ஷயரின் வடகோடியில், உறைபனியில் ஒரு காகித ஆலை. தொழிலாளர்கள் உரமேறிய ஆட்கள். ஒருவர் மட்டும் வாய் திறக்காமலே நிற்கிறார். புக்கானன் கை குலுக்கியதும் நிமிர்ந்து கண்ணைப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்கிறார்: எங்கள் வேலையைக் காப்பாற்றுங்கள். பின்னலாடை ஊர்க்காரரான உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்த மனிதருக்குக் காக்க வேண்டிய மரம் அந்த ஆலை. கட்சியின் பெரிய மனிதர்கள் அவரிடம் சந்தைதான் எல்லாம், பொறுத்துக்கொள் என்றார்கள். 2003-ல் இராக் போர் வேண்டாம் என்ற வலதுசாரிகளைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று கட்டுரை வெளியிட்டது எந்தப் பத்திரிகை தெரியுமா? அதே நேஷனல் ரிவ்யூ. கிழமையை முதலில் வெட்டியது பழைய பெரிய மனிதர்கள்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2016 பிப்ரவரியில் தெற்கு கரோலினா விவாத மேடையில், அந்தப் போரைத் தொடங்கிய அதிபர் புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ்ஷைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, இராக் போர் பெரிய தவறு என்று டிரம்ப் சொன்னார். அந்த மாநிலத்தில் அவரே ஜெயித்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு நேஷனல் ரிவ்யூ அவருக்கு எதிராகவே ஓர் இதழைக் கொண்டுவந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. ஆலைத் தொழிலாளி அந்தப் பத்திரிகையை நம்புவதை எப்போதோ விட்டிருந்தார்.

ஆக, டிரம்ப் பின்னால் திரண்ட கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கோபத்தை வைத்து அவர் கட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய கூட்டில் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே இருக்கலாம். இப்போது ஒரு மனிதரிடம் விசுவாசம் இருந்தால்தான் உள்ளே இடம்.

தாமஸ் மாசியைப் பாருங்கள். கென்டக்கி எம்.பி., எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர். அமெரிக்காவின் கடன் நொடிக்கு நொடி ஏறுவதைக் காட்டும் ஒரு சின்னக் கருவியைத் தானே செய்து கோட்டில் குத்திக்கொண்டு அவைக்கு வருகிறார். 2025 ஜூலையில் டிரம்ப்பின் பெரிய வரி மசோதா வந்தது. பத்தாண்டில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடும் என்று நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொன்னது. மாசி எதிர்த்து ஓட்டுப் போட்டார். கடன் கூடாது என்பது அந்தக் கட்சி ரேகன் காலத்திலிருந்து சொல்லி வருவதுதானே? ஈரான் மீது குண்டு போட நாடாளுமன்ற அனுமதி வேண்டும் என்றார். பாலியல் குற்றவாளி எப்ஸ்டீன் பற்றிய அரசுக் கோப்புகளை வெளியிடுங்கள் என்று எதிர்க்கட்சியின் ரோ கன்னாவோடு சேர்ந்து கையெழுத்து திரட்டினார். நவம்பர் 18 அன்று அது ஓட்டுக்கு வந்தபோது 427 பேர் ஆதரவு, ஒருவர் மட்டும் எதிர்ப்பு. அந்த மாசியைத்தான் சொந்தத் தொகுதியில் தோற்கடிக்க டிரம்ப் தன் ஆதரவோடு வேறு ஆளை நிறுத்தினார்.

ஜார்ஜியா எம்.பி.யாக இருந்த மார்ஜரி டெய்லர் கிரீன் பேசிய பலவற்றை நான் வெறுக்கிறேன். ஆனால் டிரம்ப்புக்காக அவரைப் போல் மோதியவர்கள் குறைவு. எப்ஸ்டீன் மனுவில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் ‘துரோகி’ ஆனார், நவம்பர் 21 அன்று பதவி விலகல் அறிவித்தார். லெனர்ட் லியோ கதையும் இதுதான். வலதுசாரி வழக்கறிஞர்களின் அமைப்பான ஃபெடரலிஸ்ட் சொசைட்டிக்காரர். உச்ச நீதிமன்றத்துக்கு டிரம்ப் அனுப்பிய மூவரையும் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொன்னவர். 2025 மே 28 அன்று வர்த்தக நீதிமன்றம் டிரம்ப் போட்ட இறக்குமதி வரிகளுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியது. அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் டிரம்ப் நியமித்தவர், ஒருவர் ரேகன் நியமித்தவர். மறுநாளே டிரம்ப் லியோவை அயோக்கியன் என்று எழுதினார்.

ரேகன் குரலுக்கே இடமில்லை. வரி போட்டால் கடைசியில் அடிபடுவது அமெரிக்கத் தொழிலாளிதான் என்று அவர் 1987 ஏப்ரலில் வானொலியில் பேசினார். கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு, அதுவும் கன்சர்வேட்டிவ் அரசு, அந்தக் குரலை எடுத்து 2025 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரமாகப் போட்டது. வெட்டி ஒட்டினார்கள் என்று ரேகன் அறக்கட்டளை குறை சொன்னது உண்மை. ரேகன் பேசியதும் உண்மை. டிரம்ப் கனடாவோடு வர்த்தகப் பேச்சையே நிறுத்திவிட்டார். பழமை பேசுகிற கட்சியில் பழைய தலைவர் பேசக் கூடாது!

இனி எனக்கு மிகவும் வலிக்கிற இடம். 2025 ஜூனில் வலதுசாரிப் பேட்டியாளர் டக்கர் கார்ல்சன், ஈரான் ஆட்சியை வீழ்த்தத் துடித்த செனட்டர் டெட் குரூஸை உட்கார வைத்து, ஈரானில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கேட்டார். குரூஸுக்குத் தெரியவில்லை. வீழ்த்த நினைக்கிற நாட்டின் மக்கள்தொகை தெரியாதா என்று கார்ல்சன் மடக்கினார். 9.2 கோடி என்று தானே சொன்னார். ஒரு பத்திரிகையாளன் கேட்க வேண்டிய கேள்வி, நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். நான்கே மாதத்தில் அதே கார்ல்சன், யூத வெறுப்பைத் தொழிலாகவே செய்கிற நிக் ஃபுவென்டெஸை அழைத்து இரண்டு மணி நேரம் இதமாகப் பேசிக்கொண்டிருந்தார். குரூஸிடம் இருந்த கூர்மை அன்று எங்கே போனது? 1973-லிருந்து கட்சிக்குக் கொள்கை எழுதித் தருகிற ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனின் தலைவர் கெவின் ராபர்ட்ஸ் உடனே வீடியோ போட்டார். கார்ல்சன் எங்கள் நெருங்கிய நண்பர், என்றும் நண்பர் என்றார். நண்பர்! குறளில் பழமைக்கு அடுத்த அதிகாரமே தீ நட்பு. பிரின்ஸ்டன் பேராசிரியர் ராபர்ட் ஜார்ஜ் ஹெரிடேஜின் அறங்காவலர் பதவியை விட்டு வெளியேறினார். 1962-ல் பக்லி போட்ட கோட்டை இன்று போட ஒரு பேராசிரியர் துணிய வேண்டியிருக்கிறது. மாசிக்கு இல்லாத பொறுமை ஃபுவென்டெஸை வரவேற்றவருக்குக் கிடைக்கிறது என்றால், அந்த வீட்டில் கிழமை தலைகீழாகிவிட்டது.

நம் பிள்ளைகளும் இந்தச் சண்டைக்குள் இழுக்கப்பட்டார்கள். 2024 கிறிஸ்துமஸ் வாரத்தில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக டிரம்ப் அறிவித்ததும், எச்-1பி விசா மேல் மஸ்க் ஒரு பக்கம், டிரம்ப்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் மறுபக்கம் என்று பிளந்துகொண்டார்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்தது. அதில் பேனன் கை ஓங்கியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் வரிக்கு வருவோம். கட்சி பிளவுபட்டால் வரி இறங்கும் என்று நம்பாதீர்கள். உலக நாடுகள் மேல் போட்ட வரியை ரத்து செய்யச் சொல்லி 2025 அக்டோபர் கடைசியில் செனட்டில் தீர்மானம் 51–47 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியின் 53 செனட்டர்களில் அதற்குக் கை தூக்கியவர்கள் நான்கே பேர். அவர்களில் இருவர், ராண்ட் பாலும் மிட்ச் மெக்கானலும், மாசியின் கென்டக்கிக்காரர்கள். வரிச் சண்டையில் கனடாக் கடைகளின் அலமாரியிலிருந்து கென்டக்கியின் போர்பன் விஸ்கி புட்டிகளை இறக்கி வைத்ததை நேரில் உணர்ந்த மாநிலம் அது.

செனட் தீர்மானம் சட்டமாக வேண்டுமானால் பிரதிநிதிகள் அவையும் ஓட்டெடுக்க வேண்டும். இந்த வரிகள் அவசரநிலை அறிவித்துப் போட்டவை. அவசரநிலையை முடிக்கச் சொல்லித் தீர்மானம் வந்தால் 15 நாட்காட்டி நாளுக்குள் குழு அதை அவைக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குடியரசுக் கட்சித் தலைமை 2025 மார்ச்சில் ஒரு விதி கொண்டுவந்தது. கனடா, மெக்சிகோ, சீனா வரிகள் பற்றிய தீர்மானங்களைப் பொறுத்தவரை, அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை எந்த நாளும் நாட்காட்டி நாளாகக் கணக்கில் வராது என்று எழுதி, ஓட்டும் போட்டு நிறைவேற்றினார்கள். மற்ற நாடுகள் மேல் போட்ட வரிக்கும் அடுத்த மாதமே இதே போல ஒரு தடுப்பு போட்டார்கள். கிழமைக்கு நம் மொழியில் இன்னொரு பொருளும் உண்டல்லவா? அப்போது திங்கள், செவ்வாய், புதன் எதுவும் அந்த அவையில் நாளாக இருக்கவில்லை. காக்க வந்தவர்கள் நாட்காட்டியைக்கூட விடவில்லை.