குழாய் வாசலில் பயோமீத்தேன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தினமும் 60 டன் மாட்டுச் சாணமும் 20 டன் உணவுக் கழிவும் கிடைக்கும். பயோமீத்தேன் (பயோகேஸிலிருந்து கரியமில வாயுவை நீக்கிய வாயு) எடுத்து எரிவாயுக் குழாயில் விட ஆசை. அளவு போதுமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் கணக்கு. காற்றில்லாத தொட்டியில் நொதிக்கும்போது ஒரு டன் சாணத்துக்குச் சுமார் 22 கன மீட்டர் பயோகேஸ், உணவுக் கழிவுக்கு 120 என்று வைத்தால், நாளுக்கு ஏறக்குறைய 3,700 கன மீட்டர், அதாவது மணிக்கு 155. அதில் மீத்தேன் 58% என்றால் கையில் நிற்பது மணிக்கு 90 கன மீட்டர். (உணவுக் கழிவின் 120 ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். ஆய்வகத்தில் சோதித்த எண் இல்லாமல் யாரிடமும் கையெழுத்துப் போடாதீர்கள்.)

90 என்பது சிறிய அளவுதான். குழாய் முனையில் வாயுத் தரத்தைப் பார்க்கும் கருவி, மீட்டர், அழுத்தச் சீராக்கி, கசிவு மூக்குக்குத் தெரிய வாசனை சேர்க்கும் அலகு, தானாக மூடும் வால்வு எல்லாம் வேண்டும். இந்தத் தொகுதியின் செலவு மணிக்கு 100 கன மீட்டருக்கும் 500-க்கும் பெரிதாக வித்தியாசப்படாது. அதனால் சிறிய ஆலைகள் பல சேர்ந்து, சுத்திகரிக்காத வாயுவைத் தாழ்அழுத்தக் குழாயில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே சுத்திகரித்து உட்செலுத்துவது பல இடங்களில் நடக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்றால், தொட்டியிலிருந்து அல்ல, குழாயிலிருந்து. அருகில் போகும் குழாய் எவ்வளவு தூரம், என்ன அழுத்தம், தேவை மிகக் குறைந்த இரவில் அதில் எவ்வளவு ஓடுகிறது என்ற மூன்றையும் குழாய் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஆண்டுச் சராசரியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள், அது உங்களுக்கு உதவாது. விண்ணப்பத்தில் உச்ச ஓட்டம், குறைந்தபட்ச ஓட்டம், வாயுவின் கலவை எந்த வரம்புக்குள் ஏறி இறங்கும், மூலப்பொருள் பட்டியல் ஆகியவை கேட்கப்படும். பட்டியலைப் பெயருக்கு நிரப்பாதீர்கள். பின்னாளில் சாக்கடைக் கசடு சேர்த்தால் சிலோக்ஸேன் என்ற சிலிக்கான் சேர்மம் வரும், அது எரியும்போது மணலாகப் படியும். ஒப்பந்தத்தில் இல்லாத பொருள் உள்ளே போனது தெரிந்தால் வால்வு மூடப்படும்.

கேள்வி: எங்கள் ஆலை மணிக்கு 200 கன மீட்டர் தரும். குழாய் நிறுவனமோ, வெப்பமான மாதங்களில் 40-க்கு மேல் வாங்க முடியாது என்கிறது. வழி உண்டா?

பதில்: அவர்கள் சொல்வது சாக்கு அல்ல. விநியோகக் குழாய்க்கு மேல்அழுத்தக் குழாயிலிருந்து ஒரு சீராக்கி வழியாக வாயு இறங்குகிறது. உங்கள் முனையின் அழுத்தத்தை அந்தச் சீராக்கியைவிடக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள், அப்போது முதலில் உங்கள் வாயு போகும், குறைந்ததை மட்டும் அது நிரப்பும். வீடுகளைச் சூடாக்கும் தேவை நின்ற மாதங்களில், நள்ளிரவில் எரிப்பவர்கள் இல்லை. அழுத்தம் ஏறி, உங்கள் வால்வு மூடிக்கொள்ளும்.

பேசிப் பார்க்க வேண்டியவை: சீராக்கியின் அழுத்தத்தை இன்னும் இறக்கி, குழாயின் வயிற்றையே இரவுச் சேமிப்பாக்குவது, பக்கத்து விநியோக வலையோடு ஓர் இணைப்புக் குழாய், மேல்அழுத்தக் குழாயில் நேரடியாக இணைவது, மிஞ்சிய வாயுவை மேலே தள்ளும் எதிர்த்திசைக் கம்ப்ரஸர். பிரான்ஸில் 2018-ம் ஆண்டுச் சட்டம் ‘உட்செலுத்தும் உரிமை’யைத் தந்தது. செலவு நியாயமான வரம்புக்குள் இருந்தால், வலையைப் பலப்படுத்துவது குழாய் நிறுவனங்களின் பொறுப்பு. இப்படி ஒரு விதி இல்லாத நாட்டில் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதுதான் பேச்சுவார்த்தையின் பாதி.

மேல்அழுத்தக் குழாய்க்கு ஏறும்போது ஆக்ஸிஜன் வரம்பு இறுகும். ஐரோப்பியத் தர விதி இஎன் 16726-ல் பொது வரம்பு 0.001% தான், நிலத்தடிச் சேமிப்பு போன்ற இடங்களுக்குப் போகாது என்று காட்டினால் மட்டும் 1% வரை இடம் உண்டு. ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

தொட்டிக்குப் போடும் தீவனத்தைக் குறைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். சர்க்கரை, மாவு நிறைந்தவை சில மணி நேரத்தில் வாயு தரும், சாணமும் வைக்கோலும் நாள்கணக்கில் தரும். ஆகவே இரவு 40, பகலில் 200 என்று தீவனத்தை வைத்து மட்டும் ஆட்ட முடியாது.

கேள்வி: மீத்தேன் 95% இருந்தும் தரம் போதாது என்று திருப்புகிறார்கள். ஏன்?

பதில்: அடுப்புக்கு மீத்தேன் சதவீதம் தெரியாது, வோபே எண்தான் தெரியும். அதாவது வெப்ப மதிப்பை, ஒப்படர்த்தியின் (காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி) வர்க்கமூலத்தால் வகுத்து வருவது. கரியமில வாயு இதை இரண்டு பக்கமும் கெடுக்கிறது. எரியாது, கனமாகவும் இருக்கிறது. 15 டிகிரி அளவீட்டில் தூய மீத்தேனுக்கு வோபே கன மீட்டருக்குச் சுமார் 50.7 மெகாஜூல். 97% மீத்தேன், 3% கரியமில வாயு என்றால் 47.9. 95-க்கு 5 என்றால் 46.1. பிரிட்டனில் கீழ் வரம்பு நெடுங்காலம் 47.20 ஆக இருந்து, 2025 ஏப்ரலில் 46.50 ஆனது. உங்கள் 95% இரண்டிலும் தோற்கும், 97% இரண்டிலும் தேறும். கரியமில வாயுவைப் பிரிக்கும் மெம்பிரேனின் (சல்லடை போன்ற சவ்வு) கடைசிக் கட்டத்தில் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே இந்த 2% பெரும்பாலும் கிடைத்துவிடும்.

வோபே தேறினாலும் வெப்ப மதிப்பு தனியாக இடிக்கலாம், ஏனென்றால் பில் போடுவது அதை வைத்துத்தான். 97% வாயுவுக்குக் கன மீட்டருக்கு 36.6 மெகாஜூல், அந்தப் பகுதிக் குழாயில் 38.5 என்றால், சமன் செய்யச் சுமார் 3.4% புரொப்பேன் கலக்க வேண்டும். புதைபடிவ வாயுவைத் தவிர்க்கக் கட்டிய ஆலையில் புரொப்பேன் டேங்க் நிற்பது வேடிக்கைதான். கீழ்ப்பக்கம் பெரிய ஓட்டம் உள்ள இடத்தில் இணைந்து, குழாயிலேயே கலக்க விடுவது நல்லது. அதற்கு அனுமதி கிடைக்குமா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: இதுவரை என்ஜின் ஓட்டி மின்சாரம் எடுத்தோம். கந்தகத்தைக் குறைக்கத் தொட்டிக்குள் 3% காற்று விடுகிறோம். குழாய் இணைப்புக்கு மாறினால் இதைத் தொடரலாமா?

பதில்: கூடாது. மாறுகிற ஆலைகள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். 100 கன மீட்டர் பயோகேஸில் 60 மீத்தேன் என்று வையுங்கள். 3 கன மீட்டர் காற்றோடு 2.4 நைட்ரஜன் வருகிறது. கரியமில வாயு வெளியேறிய பிறகு அந்த 2.4 போகாமல், 60 மீத்தேனோடு உட்கார்ந்திருக்கும். அதாவது நைட்ரஜன் மட்டுமே கிட்டத்தட்ட 4%. கரியமில வாயுவை நீக்கும் வழக்கமான முறைகளான மெம்பிரேன், நீர்க் கழுவல், அமைன் கரைசல் எதுவும் அதைப் பிரிக்காது. ஆலை எவ்வளவு நன்றாக ஓடினாலும் 96%-ஐத் தாண்ட முடியாது.

மாற்று, தொட்டியிலேயே இரும்பு. இரும்பு குளோரைடு வேகமாக வேலை செய்யும், ஆனால் அரிக்கும், காரத்தன்மையையும் தின்னும். இரும்பு ஹைட்ராக்ஸைடு தூள் சாது. கணக்கின்படி தேவைப்படுவதைவிட 2 முதல் 4 மடங்கு போட வேண்டியிருக்கும். மீதிக்கு ஆக்டிவேட்டட் கார்பன், இரண்டு கலன்கள் தொடராக. நடுவில் ஒரு மாதிரிக் குழாய் வைத்து, அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு தலைகாட்டியதும் முதல் கலனை மாற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். வாயுவைக் குளிர்வித்து நீரை இறக்கி, மறுபடி 10–15 டிகிரி சூடாக்கி அனுப்ப வேண்டும், நனைந்த கார்பன் செத்த கார்பன். பதப்படுத்திய கார்பனுக்குக் கொஞ்சம் ஆக்ஸிஜனும் தேவை. 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குக் கணக்கின்படி 100 பிபிஎம். அதைக் காற்றாக இல்லாமல், செறிவூட்டிய ஆக்ஸிஜனாகக் கொடுங்கள்.

காற்று விடுவதை நிறுத்திய பிறகும் நைட்ரஜன் நின்றால், சுத்திகரிப்புக்கு முந்தைய வாயுவில் நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் அளந்து ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள். காற்றில் அது 3.7. அதே எண் வந்தால் காற்று சமீபத்தில்தான் நுழைந்திருக்கிறது: கம்ப்ரஸரின் உறிஞ்சும் பக்கம், வடிகால் பாத்திரம், அல்லது மாதிரிக் குழாயே. எண் 8, 10 என்று ஏறினால் ஆக்ஸிஜனைக் கிருமிகள் தின்றுவிட்டன, ஓட்டை தொட்டியில். கழிவுக் கரைசலை வேகமாக வெளியே இறைக்கும் நேரத்தில் தொட்டியின் அழுத்தம் இறங்கி, பாதுகாப்பு வால்வு காற்றை உள்ளே இழுப்பது அடிக்கடி நடப்பது. பம்ப் ஓடிய நேரத்தையும் நைட்ரஜன் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். ஆக்ஸிஜன் மட்டும் ஏறி நைட்ரஜன் அசையவில்லை என்றால் ஓட்டையைத் தேடாதீர்கள், சென்சாரைச் சோதியுங்கள்.

கேள்வி: வாசனை சேர்ப்பது யார் வேலை?

பதில்: நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். எலுமிச்சை வகைத் தோல் நிறைய வரும் ஆலைகள் மட்டும் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அதிலிருந்து வரும் லிமோனீன் எச்சரிக்கை வாசனையை மூடி மறைக்கும், ரப்பர் சீல்களையும் உப்ப வைக்கும். கார்பன் அதைப் பிடிக்கும், கூடவே தானும் சீக்கிரம் தீரும்.

கேள்வி: சோதனை ஓட்டத்தில் தினம் நாலைந்து முறை வால்வு மூடுகிறது. வாயுத் தரம் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: ஒவ்வொரு முறையும் ஆலை நின்று கிளம்பிய முதல் அரைமணிக்குள்தானா என்று பாருங்கள். ஆம் என்றால், கிளம்பும்போது வரும் முதல் வாயுவை வாசலுக்கு அனுப்பாமல் சுத்திகரிப்பின் தொடக்கத்துக்கே சுற்றவிட வேண்டும். வாயுவின் கலவையை அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் ஓர் அளவுக்கு 3 முதல் 5 நிமிடம் எடுக்கும், மாதிரிக் குழாய் நீளமாக இருந்தால் அதற்கும் மேல் தாமதம். தொடர்ந்து மூன்று அளவுகள் தேறிய பிறகு திறக்கும்படி நிரலை மாற்றச் சொல்லுங்கள். மாதிரிக் குழாயில் நீர் தேங்கும் தாழ்வான வளைவு இருக்கிறதா என்றும் கையால் தடவிப் பாருங்கள்.