முல்லைத்தீவுக் கரையில் பொறுக்கிய அரிசியளவு சங்கு வலம்புரிக் குஞ்சா? விலை போகுமா?

இல்லை, குஞ்சு இல்லை. சுழி தொடங்கும் கூர்நுனியை மேலே பிடித்து, வாய் உங்களைப் பார்க்கத் திருப்புங்கோ. வாய் இடப்பக்கம் நின்றால் சுழி வலம்புரிச் சுழிதான். பூசைச் சங்கில் அது அபூர்வம்; அதனால்தான் அந்த விலை. ஆனால் திரிபோரிடே என்ற குட்டி நத்தைக் குடும்பத்தில் பெரும்பாலானவை பிறவியிலேயே வலம்புரி! வளர்ந்தாலும் அநேகமானவை 1 சென்ரிமீற்றரைத் தாண்டாது. பூதக்கண்ணாடியால் பாருங்கோ: ஒல்லியான கோபுரம், சுற்றுக்குச் சுற்று மணி கோர்த்தமாதிரிப் புடைப்பு. அப்படியென்றால் அநேகமாக இதுதான். பூசைச் சங்கு இப்படி இராது, வயிறு பருத்தது. இந்தக் குட்டி நத்தைகள் கடற்பஞ்சுக்குள் நீண்ட தும்பிக்கையை விட்டுத் தின்பவை.

விலையா? ஒரு சதமும் தேறாது. பஞ்சு வைத்த தீப்பெட்டியில் போட்டு வையுங்கோ. நகம் பட்டாலே நுனி உடைந்துவிடும்.