சிறுநீர்ப்பை சுத்தம் என்றால் சைட்டாலஜி எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. வலியே இல்லாமல் இரண்டு முறை சிறுநீரில் ரத்தம் போனது. சிஸ்டோஸ்கோபியில் (உள்ளே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) சிறுநீர்ப்பையில் ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது மூன்று நாள் சிறுநீர் சைட்டாலஜி எழுதியிருக்கிறார்கள். இது எதற்கு? காலை முதல் சிறுநீரைக் கொடுக்கலாமா?

பதில்: சிறுநீரில் உதிரும் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் புற்று இருக்கிறதா என்று தேடுவதே சைட்டாலஜி. முதல் சிறுநீர் வேண்டாம். இரவெல்லாம் பையில் தேங்கியதில் செல்கள் சிதைந்திருக்கும். எழுந்ததும் கழித்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, சற்று நடந்தபின் வருவதைப் பிடியுங்கள். 50 முதல் 100 மி.லி. இருக்கட்டும், 30 மி.லி.க்குக் குறைந்தால் 'மாதிரி போதவில்லை' என்று திரும்பலாம். உடனே லேபில் கொடுங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. லேப் தரும் பாட்டிலில் ஏற்கெனவே திரவம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். அது செல்களைக் கெடாமல் காக்கும் மருந்து. புற்றுச்செல்கள் தினமும் உதிர்வதில்லை, அதனால்தான் மூன்று நாள். ஒரே நாள் சிறுநீரை மூன்று பாட்டிலில் பிரித்துக் கொடுப்பதால் பயனில்லை.

சிறுநீர்ப்பையின் உள்படலம்தான் மேலே யூரெட்டரிலும் (சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்) சிறுநீரகத்தின் உட்பகுதியிலும் தொடர்கிறது. இந்தப் படலத்தில் வரும் புற்றுகளில் 5 முதல் 10 சதவீதம் அங்கே தோன்றுபவை. சிஸ்டோஸ்கோப் அவ்வளவு தூரம் போவதில்லை. பைக்குள்ளேயே தட்டையாகப் பரவும் ஆரம்பநிலைப் புற்றும் கண்ணுக்குத் தப்பலாம். தீவிர வகைச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்காமல் எளிதில் உதிர்ந்து சிறுநீரில் வரும். செல்லின் 70 சதவீதத்துக்கு மேல் உட்கருவே அடைத்திருக்கும். அது கறுத்து, ஓரம் கோணலாக இருக்கும். செல்களைப் பார்க்கும் டாக்டரான பெத்தாலஜிஸ்ட் தேடுவது இதைத்தான்.

மந்தமான வகையின் செல்கள் சாதாரணச் செல்களைப் போலவே இருப்பதால் பெரும்பாலும் பிடிபடாது. மேற்பகுதிப் புற்றுகளும் நிறையவே தப்பிவிடும். ஆகவே 'நெகட்டிவ்' வந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துவிட்டு சி.டி. யூரோகிராம் (சிறுநீர்ப் பாதை முழுவதையும் காட்டும் ஸ்கேன்) எடுத்தே ஆக வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதாவது புற்று இல்லாமலே புற்று போலத் தெரிவது. கல், கிருமித்தொற்று, கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்), புற்றுக்காகப் பைக்குள் செலுத்தும் பி.சி.ஜி. மருந்து, கதிர்வீச்சு எல்லாம் செல்களின் உருவத்தை மாற்றும். சிறுநீரகம் மாற்றியவர்களிடம் பி.கே. வைரஸ் தாக்கிய செல் அசல் புற்றுச்செல் போலவே ஏமாற்றும். இதில் எது இருந்தாலும் பரிசோதனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 'ஏட்டிப்பிக்கல்' (வழக்கத்துக்கு மாறான செல்கள்) என்று வந்தால் அது புற்று என்று அர்த்தமல்ல, மறுபடி பார்ப்பார்கள்.

'ஹை கிரேடு' (தீவிர வகை) என்று வந்து, பையும் சுத்தமாக இருந்தால், யூரெட்டரோஸ்கோபி (யூரெட்டருக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து இடம், வலம் இரண்டு பக்கச் சிறுநீரையும் தனித்தனியே எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் பாதை தெரியக் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து செல்களைச் சிதைக்கும் என்பதால், அதைக் குழாய்க்குள் செலுத்துமுன் மாதிரி எடுப்பதே சரி. இடையில் ரத்தம் நின்றுவிட்டாலும் எதையும் தள்ளிப்போடாதீர்கள். இவ்வகைப் புற்றில் ரத்தம் விட்டுவிட்டுத்தான் வரும்.