வெள்ளிக்கிழமை மாலைகளும் உங்கள் தயக்கமும்

அன்புள்ள தம்பிக்கு, கொழும்பு கோட்டையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதங்களே ஆன நிலையில், வெள்ளிக்கிழமைகளில் மது அருந்த வரும்படி உடன் வேலை செய்வோர் வற்புறுத்துவதாகவும், மறுத்தால் "சின்னப் பாதர்" (குட்டிப் பாதிரியார்) என்று கேலி செய்வதாகவும், அதனால் காய்ச்சல் என்று இரண்டு முறை பொய் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். கேலியைவிட அந்தக் காய்ச்சல்தான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வேதாகமத்தில் வரும் தானியேலை நினைத்துப் பாருங்கள். பாபிலோனிய அரசனின் உணவையும் திராட்சரசத்தையும் விலக்க விரும்பிய அவர், எவரோடும் சண்டை பிடிக்காமல், பொறுப்பாளரிடம் பணிவாகப் பேசி, மரக்கறியும் தண்ணீரும் தந்து பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி கேட்டார். (காய்கறியைக் குறிக்கும் மரக்கறி என்ற நம் ஊர்ச் சொல் தமிழ் வேதாகமத்திலும் இருப்பதில் எனக்கொரு சிறு மகிழ்ச்சி.) நீங்களும், குழுவில் அதிகம் கேலி செய்யாத ஒருவரிடம் தேநீர் வேளையில் தனியாக, "நான் குடிப்பதில்லை, ஆனால் உங்களோடு இருக்க விருப்பம்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு மணி நேரம் போயிருந்து, மதுவல்லாத இஞ்சிப் பானமான ஜிஞ்சர் பியரை மறைக்காமல் குடித்து, சாப்பாட்டுக்கான உங்கள் பங்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்; பாவிகளென்று ஒதுக்கப்பட்ட ஆயக்காரரோடு (வரி வசூலிப்போரோடு) பந்தியிருந்த இயேசுவைப் பின்பற்றும் நமக்கு அந்த மேசை தீட்டல்ல. முன்பு உங்களுக்கே குடிப்பழக்கம் இருந்திருந்தால் மட்டும் போகவே வேண்டாம்.

போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினத்தில் மது விற்பனைக்குத் தடை என்பதால், அன்று மாலை காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட நீங்களே அவர்களை அழைத்துப் பாருங்கள்.