டோக்கியோவுக்கு மனைவியை அழைத்து வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கல்யாணமாகி நான்கு மாதம். டோக்கியோவில் மென்பொருள் வேலை, அலுவலகம் நகரின் நடுவில் ஓதேமாச்சியில். பிடித்தம் போகக் கையில் மூன்று லட்சம் யென் வரும். இரண்டு பேர் குடித்தனம் நடத்த இது போதுமா, எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது, எதில் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் மட்டும், 'மிக்சி, கிரைண்டர் கொண்டு வரலாமா என்று மனைவி கேட்கச் சொன்னாள்' என்று இருக்கிறது. அவ்வளவு நீளக் கேள்வியில் அவளுடையது அந்த ஒரு வரிதான். அதைக் கடைசியில் அவளுக்கே நேராகச் சொல்லிக்கொள்கிறேன்.

பணம் போதும். வாடகை ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ஊருக்கும் கொஞ்சம் அனுப்பலாம். வீடு பிடிக்கும் மாதம்தான் கண்ணைக் கட்டும். 'ஷிகிகின்' என்பது முன்பணம். சுத்தம் செய்த செலவு, பழுது பார்த்த செலவு போக மீதி திரும்பும். 'ரெய்கின்' என்பது வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம், திரும்பவே திரும்பாது. காசு வாங்கிக்கொண்டுதான் வீட்டைத் தருகிறார், அதற்கு நன்றி சொல்ல வேறு ஒரு மாத வாடகையா என்று என் மாமியார் கேட்டார். எனக்கும் இன்றுவரை பதில் தெரியவில்லை. இவற்றோடு தரகர் கூலி, உத்தரவாத நிறுவனத்தின் கட்டணம், தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, முதல் மாத வாடகை. கூட்டினால் நான்கைந்து மாத வாடகையை ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை கேட்பார்கள்.

இந்தத் தலைவலி வேண்டாமென்றால் 'யூ.ஆர்.' குடியிருப்புகளைப் பாருங்கள். அரசு சார்ந்த அமைப்பு நடத்துவது. நன்றிப் பணம், தரகு, உத்தரவாதம், புதுப்பிக்கும் கட்டணம் எதுவும் கிடையாது. இரண்டு மாத முன்பணம் மட்டும். கட்டடங்கள் பல பழசு. நாங்கள் அப்படியொன்றில்தான் இன்னும் இருக்கிறோம், குறையில்லை.

இடம் என்றால் நிஷி-கசாய். தோசாய் என்ற ரயில் தடத்தில் ஓதேமாச்சிக்கு நேராக வந்து இறங்கலாம், கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்ய வந்த நம் பொறியாளர்கள் இந்த வசதிக்காகத்தான் இங்கே குடியேறினார்கள். துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் அவர்கள் பின்னாலேயே வந்துவிட்டன. ஒரே குறை, காலை ரயில். 2019இல் இந்தத் தடத்தில் கிபாவிலிருந்து மோன்சென்-நகாச்சோ வரையிலான பகுதியில் நெரிசல் 199 சதவீதம் என்று கணக்கெடுத்தார்கள். அதாவது பெட்டி கொள்ளும் அளவைப் போல இரு மடங்கு கூட்டம். கையை மேலே தூக்கினால் இறங்கும்வரை அது மேலேயே இருக்கும்.

'ஜூமின்சே' என்ற குடியிருப்பு வரி ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு வருமானத்தைப் பார்த்துப் போடுவதால் வந்த புதிதில் இருக்காது. பிறகு ஒரு ஜூன் மாதம் சம்பளச் சீட்டில் வந்து உட்காரும், வரிக்குரிய வருமானத்தில் சுமார் பத்து சதவீதம். அன்றிலிருந்து உங்கள் மூன்று லட்சம் மூன்று லட்சமாக இருக்காது. அதை நம்பி இப்போதே தவணையில் எதையும் வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்டவை முடிந்தன. இனி நீங்கள் கேட்காதது.

நான் 2010 ஏப்ரலில் நரிதா விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். என் கணவர் அதற்கு ஓராண்டு முன்பே வந்தவர். நல்ல மனிதர், என்னை ஒரு சிரமமும் படாமல் பார்த்துக்கொண்டார். சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

வார்டு அலுவலகத்தில் அவர் பேசினார், நான் கையெழுத்துப் போட்டேன். கடையில் அவர் பொட்டலத்தைத் திருப்பிப் படித்து மீன் தூள் இருக்கிறதா என்று பார்த்தார், நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேஸ் இணைப்புக்கு ஆள் வந்தபோது அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொன்னார். குப்பையை அவரே பிரித்து வைத்தார். எரியும் குப்பை வாரம் இரண்டு நாள், எரியாதது மாதம் இரண்டு முறை, மறுசுழற்சிக்குப் போவது வாரம் ஒரு நாள், எல்லாம் காலை எட்டு மணிக்குள். ஒரு முறை அவர் ஒசாகா போயிருந்தபோது நான் நாள் மாற்றி ஒரு பையை வைத்துவிட்டேன். மாலையில் பார்த்தால் அது அப்படியே இருந்தது, மேலே ஏதோ எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. என்ன குற்றம் என்று படிக்கத் தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் வரும்வரை இரண்டு நாள் பால்கனியில் வைத்திருந்தேன். ஊரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

அந்த நாட்களின் ஒரு பகல் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். காலை ஏழரைக்கு அவர் கிளம்பிவிடுவார். அம்மாவிடம் பேசலாம் என்றால் ஊரில் அப்போது விடியற்காலை நான்கு மணி. மூன்றரை மணி நேர வித்தியாசம் பெரிதில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தனியாக உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் அந்த மூன்றரை மணி நேரத்தின் நீளம் தெரியும். பத்துக்கு அம்மா எழுந்திருப்பார். பேசி முடித்தால் பதினொன்று. சமையல் ஒரு மணி நேரம், அதையும் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஐந்து மணி வாக்கில் தெரு ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும், பிள்ளைகளே வீட்டுக்குப் போங்கள் என்று சொல்வதற்கு. அழகான மெட்டு. எனக்கு அதைக் கேட்டால் வயிற்றைப் பிசையும், ஏனென்றால் அவர் வர இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அவர் வந்ததும் நான் பேசத் தொடங்குவேன். அவருக்கோ பேச்சே வேண்டாம் என்றிருக்கும். அந்த ஆண்டு நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி இந்த ஒன்பது மணிச் சண்டைதான். சாக்கு மட்டும் தினம் மாறும்.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46. நான்காவது மாடியில் தனியாக இருந்தேன். பாத்திர அலமாரி திறந்து எல்லாம் கீழே கொட்டியது. நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. வெறுங்காலோடு படியிறங்கி ஓடினேன். கீழே எல்லோரும் ஒரு திசையில் நடக்கிறார்கள், சிலர் தலையில் கவசம்கூட இருக்கிறது. ஒலிபெருக்கி ஏதோ சொல்கிறது. எனக்கு அதில் 'தயவுசெய்து' என்ற சொல் மட்டும் புரிகிறது. தயவுசெய்து என்ன செய்ய வேண்டும் என்பது புரியவில்லை. பதினொரு மாதம் குடியிருந்த இடத்தில், ஆபத்து என்றால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியாது. என் கணவருக்குத் தெரியும். அவர் ஓதேமாச்சியில் இருந்தார்.

முதல் தளத்துப் பாட்டி ஒருவர், அதுவரை தலையசைப்போடு சரி, தன் வீட்டுச் செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டு, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். போனில் அழைப்பு போகவில்லை. ரயில்கள் நின்றுவிட்டன. என் கணவர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து, அரகாவா ஆற்றுப் பாலத்தைக் கடந்து வந்து சேரும்போது இருட்டி வெகுநேரமாகிவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பாட்டியின் போர்வைக்குள் இருந்த என்னைப் பார்த்து முதலில் அவர் கேட்டது, "எப்படி இங்கே வந்தாய்?"

அந்த மாதம் பலரைப் போல நானும் ஊருக்குப் போனேன். அப்பா திரும்ப அனுப்ப மாட்டேன் என்றார். மே மாதம் திரும்பி வந்தேன், ஒரு நிபந்தனையோடு: குப்பை அட்டவணை இனி என் கையில்.

சிரிக்காதீர்கள். குப்பையில் தொடங்கி வார்டு அலுவலகம், தபால், மருத்துவமனை என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். கொடுக்க அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் தப்பும் தவறுமாகப் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்குப் பெரிய தவம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. வீட்டில் குடியேறி 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். அங்கே அவள் முன்னால் நிற்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். அன்றைக்கே வார்டில் தன்னார்வலர்கள் நடத்தும் மொழி வகுப்பு எங்கே என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். ஹிராகானா என்ற அடிப்படை ஜப்பானிய எழுத்து 46தான். 247 எழுத்து படித்து வந்தவளுக்கு அது ஒரு மாத வேலை. 'காஞ்சி' என்ற சீன வழி எழுத்துகள் கஷ்டம், அதை மறைக்கவில்லை. ஆனால் வாக்கியம் நம்முடையது போலவே ஓடும். 'மிசே நி இகிமாஸ்' என்றால் மிசே கடை, நி 'கு', இகிமாஸ் 'போகிறேன்'. கடைக்குப் போகிறேன், அதே வரிசை. கேள்வி கேட்க நாம் கடைசியில் 'ஆ' சேர்ப்பது போல அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள். ஆங்கிலம் வழியாக யோசிக்காதே, தமிழிலிருந்து நேராகத் தாவு என்று அவளிடம் சொல்லுங்கள்.

முதல் சம்பளத்தில் அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்குங்கள், முன்னால் கூடை வைத்தது. நகை பிறகு வாங்கலாம். எங்கள் பக்கம் முழுக்கச் சமதரை. அரை மணி மிதித்தால் கசாய் ரின்காய் பூங்காவில் கடலே வந்துவிடும். சைக்கிளைப் பதிவு செய்யுங்கள், ரயில் நிலையத்து வாசலில் மட்டும் விடாதீர்கள், வார்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

குடும்ப விசாவில் வருகிறவள் தனியாக அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். நான் ஒரு பல்பொருள் அங்காடியின் பின்கட்டில் முட்டைக்கோஸ் நறுக்கினேன். முதுகலைக் கணிதம் படித்துவிட்டு முட்டைக்கோஸா என்று ஊரில் ஒரு சித்தி வருத்தப்பட்டார். அங்கே பக்கத்தில் நின்று நறுக்கிய பெண்களிடம் கற்ற பேச்சு எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை. அவளுக்கு வேலை பிடிக்கவில்லை என்றால் போக வேண்டாம். ஆனால் அதை அவள் முடிவு செய்யட்டும். 'என் சம்பளம் போதுமே' என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இப்போது தங்கச்சி, உனக்கு. வயதில் மூத்தவள், நீ என்றே எழுதுகிறேன்.

ஊரில் ஓடும் மிக்சி இங்கே ஓடாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், இங்கே 100 வோல்ட்தான். மின்னழுத்தத்தைக் கூட்டும் டிரான்ஸ்பார்மர் வாங்கலாம், ஆனால் மிக்சிக்குத் தாங்குகிற அளவில் வாங்கினால் அம்மிக்கல் கனம் கனக்கும். அமெரிக்கா போகிறவர்களுக்கென்று 110 வோல்ட் மிக்சியும் கிரைண்டரும் சென்னையில் கிடைக்கின்றன. அதை வாங்கி வா. சற்று மெதுவாகச் சுற்றும், ஆனால் அரைக்கும். காலை எட்டுக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும் ஓட்டாதே, அடியில் ஒரு துண்டை மடித்துப் போடு. கீழ்வீட்டுக்காரர் உன்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். நிர்வாகத்திலிருந்து கடிதம்தான் வரும்.

குக்கர் கொண்டு வருவதானால் வீட்டு அடுப்பு எதுவென்று முதலில் கேள். மின்காந்த அடுப்பு என்றால் அலுமினியக் குக்கர் சூடே ஏறாது, எஃகு வேண்டும். கேஸ் என்றால் எதுவும் சரி, ஆனால் அடுப்பை நீங்களே வாங்க வேண்டியிருக்கும். பல வீடுகளில் விளக்குகூட இருக்காது; எங்கள் முதல் இரவு கைப்பேசி வெளிச்சத்தில்தான் போனது. கறிவேப்பிலையைப் பெட்டியில் ஒளித்து எடுத்து வராதே, பச்சை இலைக்கு விமான நிலையத்தில் தாவரச் சோதனை உண்டு.

மாவு கோடையில் நான்கைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும், கண் வைத்துக்கொள். ஜனவரியில் இரண்டு நாள் வைத்தாலும் அசையாது. அதற்கு 'கொதாத்சு' என்று ஒன்று இருக்கிறது: குட்டை மேசை, அடியில் சூடேற்றி, மேலே மெத்தைப் போர்வை. ராத்திரி நீங்கள் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்து எழுந்த பிறகு மாவுப் பாத்திரத்தை ஒரு தட்டோடு உள்ளே தள்ளிவிட்டு, குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம் வை. தூங்கப் போகும்போது மறக்காமல் சூட்டை அணைத்துவிடு. போர்வை இருப்பதால் உள்ளே கதகதப்பு நிற்கும். முதல் தடவை நான் அணைக்க மறந்து, மாவு பொங்கி வழிந்து, என் கணவரின் அலுவலகக் காலுறை அதில் ஊறிக் கிடந்தது. தட்டு ஆழமானதாக இருக்கட்டும்.